குழந்தை எதற்காக வண்டி ஏறியது? கரிசல் வட்டாரத்தில் குடும்பப் பயணத்தின் வரலாறு

ஒரு குடும்பம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதை வரலாற்று நூல்கள் குறித்துவைப்பதில்லை. போருக்கும் பஞ்சத்துக்கும் அணைக்கட்டுக்கும் ஆவணம் இருக்கிறது. ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பேத்தி கழுகுமலை ஏறியதற்கு ஆவணம் இல்லை. ஆனால் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் வட்டாரத்தில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பிள்ளைகள் எப்போது, யாரோடு, எதற்காக ஊர்விட்டு ஊர் போனார்கள் என்று தேடினால், அந்த மண்ணின் சமூக வரலாறு பெருமளவுக்கு அதற்குள்ளேயே கிடைக்கிறது. சாமிக்காகப் போனார்கள், உறவுக்காகப் போனார்கள், படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் போனார்கள். பிள்ளையின் சந்தோஷத்துக்காக மட்டுமே ஒரு பயணம் என்பது ஆகக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவும் தானாக வரவில்லை; சட்டமும் சாலையும் பள்ளிக்கூடமும் போராட்டமும் சேர்ந்து கொண்டுவந்தது.

மண்ணும் மழையும் ஒதுக்கிய மாதங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகள் பெரும்பாலும் மானாவாரிப் பூமி. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக இறங்கிவிடும். ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டும் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் குற்றாலத்தில் சாரலாக உதறிவிட்டு, கரிசலுக்கு வெறுங்காற்றாகவே வருகிறது.

கரிசல் மண்ணின் களி நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். தார்ச்சாலை வராத காலத்தில், அடைமழை நாளில் காட்டுப்பாதையில் வண்டியிறங்கினால் சக்கரம் புதையும். நடந்து போகிறவர் காலில் மண் அப்பிக்கொண்டு, அடுத்த அடி எடுத்துவைக்கவே மல்லுக்கட்ட வேண்டும். மழை மாதங்களில் பிள்ளைகுட்டிகளோடு யாரும் வெளியூர் கிளம்பியதில்லை. அது விதைப்பும் களையெடுப்புமாக ஆள் தேவைப்படும் காலமும்கூட.

உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் தை, மாசியில் வீடு வந்து சேரும். பருத்தி எடுப்பு பங்குனி, சித்திரை வரை நீளும். தானியம் குலுக்கையில் விழுந்து, பாதை காய்ந்து, காளைக்கு வேலை குறைந்து, கையில் நாலு காசு புழங்கும் மாதங்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை. இந்த வட்டாரத்தின் பெரிய குடும்பப் பயணங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்ளேயே விழுகின்றன: பங்குனி உத்திரம், சித்திரை விடுமுறை, ஆடி அமாவாசை, ஆடிக் கடைசி வெள்ளி. பஞ்சாங்கம் குறித்த நாள்கள்தாம் இவை. ஆனால் அந்த நாள்களில் குடும்பத்தோடு கிளம்ப முடிந்ததற்கு மண்ணே அனுமதி கொடுத்தது.

சாமிக்காக: தந்தை வழி

தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரம் முருகனுக்கு உரிய நாள் மட்டுமன்று. சாஸ்தா கோயிலுக்குப் போகும் நாளும் அதுவே. திருப்பூருக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள்கூட அன்றைக்கு எங்கோ ஒரு கண்மாய்க்கரையிலோ தேரிக்காட்டிலோ பனங்கூட்டத்துக்கு நடுவிலோ இருக்கும் தங்கள் குலதெய்வத்தைத் தேடி வந்துவிடுவார்கள். வேறு சிலர் மாசி மாதச் சிவராத்திரிக்குப் போவார்கள். பிள்ளையின் முதல் மொட்டை அங்கேதான். காதுகுத்தும் அங்கேதான், தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான்.

குழந்தை அழுதுகொண்டிருக்கும். சுற்றி நிற்கும் பெரியவர்கள், இது உன் பூட்டன் கும்பிட்ட சாமி என்பார்கள். இவர் உனக்குப் பெரியப்பா முறை, அவள் உனக்கு மதினி முறை என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை, மரத்தடியில், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நடக்கும் உறவுமுறைப் பாடம் இது. நகரத்துக் குடியிருப்பில் வளரும் ஒரு பேரனுக்குத் தன் முகச்சாயல் கொண்ட ஐம்பது பேரை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இது ஒன்றுதான்.

தாமிரபரணி மலைப்பகுதியில் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது பழைய வழக்கம். அந்த இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் இப்போது தங்கும் நாள்களுக்கு வனத்துறை வரம்பு வைக்கிறது. கரிசல் குடும்பங்களுக்கு இன்னும் அணுக்கமானது சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூட்டம் கூட்டமாகச் சனங்கள் நடந்தே போகிறார்கள். அம்மை கண்டு தேறிய பிள்ளைக்காக, கண்நோவு தீர்ந்த பேத்திக்காக வைத்த நேர்ச்சைகள் அங்கே மாவிளக்காகவும் அக்கினிச்சட்டியாகவும் மொட்டையாகவும் செலுத்தப்படுகின்றன. மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில், பிழைத்துவிட்ட குழந்தைக்காக ஒரு குடும்பம் நன்றி சொன்ன விதம் இந்தப் பயணம்.

ஆனால் சாமிக்கான பயணத்தில் எல்லாரும் ஒரே பாரத்தைச் சுமக்கவில்லை. கட்டுச்சோறு கட்டுவதும், போன இடத்தில் அடுப்புக் கூட்டுவதும், திரும்பி வந்து பாத்திரம் கழுவுவதும் பெண்கள் வேலை. குலதெய்வம் தந்தை வழியில் போவதால், மணமாகிப் போன பெண் தான் பிறந்த வீட்டுச் சாமியை விட்டுவிட்டுப் புகுந்த வீட்டுச் சாமியை ஏற்க வேண்டியிருக்கிறது. எந்தக் கோயிலுக்கு எந்தச் சாதி போகலாம், எங்கே நிற்கலாம் என்ற வரையறைகளையும் பிள்ளைகள் இதே பயணங்களில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். உறவைச் சொல்லிக்கொடுத்த அதே மரத்தடி விலக்கையும் சொல்லிக்கொடுத்தது. இதை மறைத்துவிட்டுப் பழைய பயணங்களைப் புகழ்வது நேர்மையாகாது.

உறவுக்காக: தாய் வழி

இந்தத் தந்தைவழிச் சாய்வை ஓரளவு சரிக்கட்டியது கோடை விடுமுறை. குலதெய்வப் பயணம் அப்பாவின் ஊருக்கு என்றால், லீவுப் பயணம் அம்மாவின் ஊருக்கு. ஆச்சி வீடு என்பார்கள் சிலர். தெலுங்கு பேசும் குடும்பங்களில் அவ்வா வீடு. கரிசலில் பல வீடுகளுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பல நூறு ஆண்டுகள் போய்விட்டன. ஒரு பேத்திக்குத் தன் அம்மாவின் சிறுவயதுக் கதைகள் கேட்கக் கிடைப்பது அந்த விடுமுறையில்தான்.

அங்கே கொண்டாட்டம் என்று தனியாக ஒன்றும் ஏற்பாடு செய்யப்படுவதில்லை. கோடைக்கேற்ற நுங்கும் பதநீரும், கிணற்று நீச்சலும், வேப்பமரத்து நிழலும் போதும். பருத்தி வெடித்த காலமாக இருந்தால் புஞ்சைக்குப் போன பிள்ளைக்கு ஒரு கை பருத்தி கிடைக்கும். அதைக் கடையில் கொடுத்தால் தின்பண்டம் வாங்கலாம். காசு அரிதாக இருந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளை தானே முடிவெடுத்துச் செலவழித்த முதல் செல்வம் பருத்திதான்.

இரவு முற்றத்தில் கட்டிலைப் போட்டுத் தாத்தா சொன்ன கதைகளின் மதிப்பை உணர்ந்தவர், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன். கரிசல் வட்டாரத்துக்கென்றே ஒரு சொல்லகராதியைத் தொகுத்தவர் அவர்; நாட்டுப்புறக் கதைகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். பாட்டி பேரனுக்குச் சொன்ன கதை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிடும் என்ற கவலை அந்தத் தொகுப்புகளுக்கு அடியில் இருக்கிறது.

படிப்புக்காக: ரயில் நின்ற சிற்றூர்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில்பாதை 1876இல் திறந்தது. கரிசல் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதில் அந்தப் பாதைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பருத்தி மூட்டை போன வழியிலேயே, காலப்போக்கில், புத்தகப்பையோடு பிள்ளைகளும் போகத் தொடங்கினார்கள்.

அந்த மாற்றத்தின் பெறுமதியைத் தமிழில் மிக நுட்பமாகச் சொன்ன கதை, கு. அழகிரிசாமியின் ‘குமாரபுரம் ஸ்டேஷன்’. அவரும் இடைசெவல்காரர், கி.ரா. பிறந்த அதே 1923இல் பிறந்தவர். கோவில்பட்டிக்குத் தெற்கே காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ரயில் நிலையம்தான் களம். இங்கே எதற்கு ஒரு ஸ்டேஷன் என்று வெளியூர்க்காரர் ஒருவருக்குத் தோன்றுகிறது. பிறகு, பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்காகக் கிராமத்துச் சிறுவர்களை ஒரு பெரியவர் அதே ரயிலில் கூட்டிப்போவதைப் பார்க்கிறார். அந்த ஸ்டேஷன் யாருக்காக இருக்கிறது என்பது அவருக்கு விளங்கிவிடுகிறது. ஒரு பெரியவர், சில சிறுவர்கள், ஒரு குறுகிய ரயில் பயணம். அந்தச் சிறுவர்களின் வாழ்க்கை திசை திரும்ப அவ்வளவு போதுமானதாக இருந்தது.

பள்ளிக்குப் பிள்ளை வர வேண்டுமானால் வயிறு நிறைய வேண்டும் என்று உணர்ந்த காமராசர், மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும், பாரதி பிறந்த ஊர். மானாவாரி பொய்த்த ஆண்டில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் அந்தச் சோற்றின் பொருள் பெரிது.

பிழைப்புக்காக: விடியுமுன் வந்த பஸ்

கி.ரா.வின் ‘கதவு’ கதையில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். ஒருவன் டிக்கெட் கொடுக்கிறான். எல்லாரும் திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்கிறார்கள். அப்பா வேலை தேடி மணிமுத்தாறு போயிருக்கிறார். அம்மா காட்டுவேலைக்குப் போயிருக்கிறாள். உண்மையான பயணம் பெரியவர்களின் பிழைப்புக்கு. பிள்ளைகளுக்கு வாய்த்தது கதவுப் பயணம். கடைசியில் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவும் கழற்றிக்கொண்டு போகப்படுகிறது.

பிறகு பிள்ளைகளுக்கும் உண்மையான வண்டி வந்தது. அது தீப்பெட்டி ஆபீஸ் பஸ். வறண்ட வானிலையும், மழை பொய்த்தால் வேறு வேலை இல்லாத கைகளும் சேர்ந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தைத் தீப்பெட்டித் தொழிலின் மையமாக்கின. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள். விடியுமுன் கிராமங்களுக்குள் வந்த பஸ்கள் தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டியபின் இறக்கிவிட்டன. 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை இந்த நிலையை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுபோனது. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும், கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படமும் அந்தப் பிள்ளைகளின் வாழ்வைத் திரையில் பதித்தன.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் பிள்ளைகளை ஈடுபடுத்துவதைத் தடைசெய்தது. ஆனால் குடும்பமே நடத்தும் கூடங்களுக்கு விலக்குக் கொடுத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அது அக்குழந்தையின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது என்ற திருத்தம் 2016இல் வந்தது. அப்போதும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற வாசல் மூடப்படவில்லை. சட்டத்தோடு பொறிகளும் வந்தன. கூலி வேலையின் வகைகளும் மாறின. பஸ் ஏறிய பிள்ளைகளின் கூட்டம் மெல்லக் கரைந்தது.

அந்தப் பஸ்ஸில் போன சிறுமிகள் பலர் இன்று பாட்டிகள். பேரனோடும் பேத்தியோடும் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் ஒரு பாட்டிக்கு, தன் பிள்ளைப்பருவத்தில் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளின் நினைவு இல்லாமலிருக்காது. இந்த வட்டாரத்தில் குடும்ப உலா என்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

சந்தோஷத்துக்காக

இன்றைய கரிசல் குடும்பத்தின் பயணங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேன் பிடித்து திருச்செந்தூர், கன்னியாகுமரி, சாரல் காலத்தில் குற்றாலம் என்று போய்வருவது. மற்றொன்று, டவுன் பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவிடுவது. இரண்டாவதைத்தான் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022இல், அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் குழந்தைகளின் வயது வரம்பு மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. இவற்றைப் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்களின் கணக்கில் வைத்தே பேசுகிறோம். ஆனால் இவை இரண்டும் சேரும்போது ஒரு பாட்டியும் நான்கு வயதுப் பேத்தியும் யாரிடமும் காசு கேட்காமல் பக்கத்து ஊருக்குப் போய்வர முடிகிறது. மகனோ மருமகளோ நேரம் ஒதுக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. கரிசலின் நூற்றைம்பது ஆண்டுப் பயண வரலாற்றில், ஒரு முதியவளும் ஒரு குழந்தையும் தாங்களாகவே தீர்மானித்துக் கிளம்பும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

போவதற்கு இடங்களுக்குக் குறைவில்லை. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. கீழே குடைவரையில் முருகன். மேலே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்ட கற்றளி அது. ஏன் பாதியில் விட்டார்கள் என்று எந்தக் குழந்தையும் கேட்கும். ஒவ்வொரு தாத்தாவும் ஒரு கதை வைத்திருப்பார். பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. எழுதப் பழகும் பிள்ளைக்குத் தமிழ் இன்னொரு வடிவத்திலும் எழுதப்பட்டது என்பதை நேரில் காட்ட இதைவிட நல்ல பலகை கிடையாது.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் 1947இல் திறந்த மணிமண்டபமும் இருக்கின்றன. முத்துசாமி தீட்சிதரும் உமறுப்புலவரும் நினைவுகூரப்படும் ஊரும் அதுவே. ஒரு சின்ன ஊருக்குள் மூன்று மரபுகளை ஒரே மத்தியானத்தில் பார்த்துவிடலாம். தெற்கே கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதைச் சுற்றிய சமவெளி முழுக்கக் காற்றாலைகள். மழை கொடுக்காமல் ஏமாற்றிய அதே ஆடிக்காற்று இப்போது மின்சாரம் தருவதைப் பேரனுக்குச் சொல்ல, விவசாயியான தாத்தாவைவிடத் தகுந்தவர் யார்? கோவில்பட்டிக்குள்ளேயே ஹாக்கி மைதானம் இருக்கிறது. மட்டையும் கையுமாகப் பிள்ளைகள் திரியும் ஊர் இது. கி.ரா.வுக்கு அரசு எழுப்பிய நினைவரங்கம் 2022 இறுதியில் திறந்தது. திரும்பும்போது கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டம், வறண்ட மண் விளைவித்த கடலையின் ருசி.

எது கைமாறுகிறது?

இந்தக் குறும்பயணங்களில் கைமாறுவது மண்ணறிவு. பஸ் ஜன்னலில் தெரியும் கண்மாய் யார் வெட்டியது, அதில் கடைசியாக எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது, சீமைக்கருவேல் வருமுன் அந்த நிலத்தில் என்ன விளைந்தது, எந்த மேகம் மழையாகும், எது ஏமாற்றும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. சோ. தர்மன் ‘சூல்’ நாவலில் ஒரு கண்மாயைச் சுற்றிய ஊர்வாழ்வை எழுதி 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்த அறிவின் ஒரு துளியாவது ஒவ்வொரு முதியவரிடமும் இருக்கிறது. அது பேச்சாக வெளிவர ஒரு தூண்டுதல் வேண்டும். வழியில் தென்படும் காட்சி அந்தத் தூண்டுதல். வீட்டில் உட்காரவைத்துச் சொல் என்றால் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. குழந்தைகளுக்கும் கேட்கத் தோன்றாது.

இன்று பல கரிசல் வீடுகளில் பெற்றோர் வெளியூரில், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். இதைக் குறையாக மட்டுமே பார்க்கிறோம். பெற்றோரைப் பிரிந்திருப்பது துயரம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையருகே, நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஓர் அறிவுச் செல்வமும் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கலாம்: உன் தாத்தாவோ பாட்டியோ உன் வயதில் எங்கே போனார்கள், எதில் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்று கேட்டு எழுதி வா. முடிந்தால் அதே வழியில் அவர்களோடு ஒருமுறை போய் வா. கோவில்பட்டியில் வாழும் உதயசங்கர் போன்ற சிறார் எழுத்தாளர்களின் துணையோடு அந்தக் குறிப்புகளைத் தொகுத்தால், சாமிக்காகவும் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் வண்டி ஏறிய தலைமுறைகளுக்கு ஆவணம் கிடைத்துவிடும்.

உள்ளாட்சிகள் செய்ய வேண்டியதும் உண்டு. மூட்டுவலியோடு வரும் முதியவரும் மூன்று வயதுக் குழந்தையும் சேர்ந்து போகக்கூடிய இடமாக ஒவ்வொரு நினைவிடமும் மலையடிவாரமும் இருக்க வேண்டும். நிழல், குடிநீர், கழிப்பறை, உட்கார ஒரு திண்ணை: இந்த நான்கும் இருந்தால் அவர்கள் வருவார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்க ஒரு சமூகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இறங்கிய பிள்ளையின் பேத்தி இன்று ஊர் பார்க்கக் கிளம்புகிறாள் என்றால் அவளுக்கு வசதி செய்துகொடுப்பது சலுகையாகாது; அது அவள் பாட்டிக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கி.